ஏடில்லையேல் மதமில்லையா?

யொரூபா மக்களின் பூர்வீக வழிபாட்டுக்கு வேதநூல் இல்லையாதலால், அது பண்பாடேயன்றி மதமன்று என்பது நைஜீரியாவில் பலர் கூறும் வாதம்.

1. பதினாறு பனங்கொட்டைகளை அள்ளி, கையில் எஞ்சுவது ஒன்றாயின் இரு கோடும், இரண்டாயின் ஒரு கோடுமாகப் பலகைப்பொடியில் எட்டு முறை கீறி, 256 வடிவங்களுள் அமைந்ததற்குரிய செய்யுட்களை, இவ்வழிபாட்டின் குறிசொல்லும் முறையான இஃபாவின் பூசாரி மனனமாக ஓதுகிறாரே, அது சாஸ்திரமன்றி வேறென்ன?

2. யுனெஸ்கோ 2008-இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட இஃபாவைக் கண்காட்சியில் புகழ்ந்துவிட்டு, வழிபாடாக மறுப்பது எந்த நியாயம்?

3. மனச்சாட்சிக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரமளிக்கும் 1999 அரசியல் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஏடு காட்டும்படி யாரைக் கேட்கிறது?

4. 2023-இல் இலோரின் நகரில் இஷேஷே எனப்படும் இவ்வழிபாட்டின் விழா மிரட்டலால் நின்றபோது பறிபோனது பிரஜைகளின் உரிமையே.

அவ்வுரிமையைக் காப்பது அரசின் கடமை, சலுகையன்று.