செத்த புழுவுக்கு எண்ணெய்க் குளியல்

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைக்கான பதிவுதான். தூண்டில் பக்கமே போகாத மக்கள் "இதெல்லாம் ஒரு பிரச்னையாப்பா?"ன்னு சிரிக்கலாம். சிரிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் வந்துடுங்க, மீன் குழம்பு சாப்பிடறவங்களுக்கும் அங்க சேதி இருக்கு.

விஷயம் இதுதான். ரப்பர் புழு, ரப்பர் இறால், ரப்பர் மீன்குஞ்சு என்று நாம் வாங்கி அடுக்குகிற சாஃப்ட் லூர் எல்லாம் கொஞ்ச நாளில் காய்ந்து விறைத்துப் போகும். உடனே ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவு, விளக்கெண்ணெயில் ஊறப்போடு, பேபி ஆயில் ஊத்து, பூண்டுச் சாறு சேர், சோம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு விடு... கேட்டால் இது சமையல் குறிப்பா, மீன்பிடிக் குறிப்பா என்று எனக்கே குழப்பம் வரும்.

நானும் செய்தவன்தான். ஒரு சித்திரை முழுக்க பைக் பெட்டியில் கிடந்து வெந்துபோன ரெண்டு கவர் புழுவை ஒரு வாரம் நல்லெண்ணெயில் ஊறப்போட்டேன். பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாற்றங்கரையில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார்.

"என்னா தம்பி, இன்னிக்கு சனிக்கெழமையா? புழுவுக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டுற?"

"காஞ்சு போச்சுங்கய்யா, அதான்..."

"செத்ததுக்கும்தான் எண்ணெ வைக்கிறோம். எழுந்து உக்காரவா வைக்கிறோம்?"

அவ்வளவுதான். ஒரு பாராவில் நான் சொல்ல வந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் காரணம் கேட்பீர்கள் இல்லையா, சொல்கிறேன்.

பெரும்பாலான ரப்பர் புழுவில் ரப்பரே கிடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதே, அதே பி.வி.சி.தான். அதை வளைய வைப்பது பிளாஸ்டிசைசர் என்கிற மென்மையாக்கும் திரவம். குழைவான புழுவில் எடைக்குப் பாதிக்கு மேல் இந்தத் திரவமாகவே இருக்கும். வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறுகிறது. மிச்சம் இருப்பது குழாய்க்குச் சொந்தக்காரன். இப்போது நீங்கள் மேலே தடவுகிற தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ பி.வி.சி.க்குள் போய்க் கலக்கவே கலக்காது. மேலே பளபளவென்று நிற்கும், கை வழுக்கும், "ஆஹா மெதுவாயிடுச்சே" என்று நமக்குத் தோன்றும். துடைத்துவிட்டு மடக்கிப் பாருங்கள், பழைய குருடி கதைதான். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு பெருமை, மார்கழி விடியலில் புழு மேலேயே உறைந்து உட்காரும்.

எல்லாப் புழுவும் பி.வி.சி. இல்லை என்பதும் உண்மை. நன்றாக இழுபட்டு நீள்கிற டி.பி.ஈ. வகை ஒன்று உண்டு. இஸட்மேன் எலாஸ்டெக் அந்தக் குடும்பம். அது உள்ளுக்குள் ஏற்கனவே மினரல் ஆயிலை ஊறிவைத்திருக்கும் சரக்கு, அதனால் அந்த எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதையும் பி.வி.சி. புழுவையும் ஒரே டப்பாவில் போட்டால் ரெண்டும் உருகி அல்வாவாகிவிடும். மூன்றாவது, பெர்க்லி கல்ப் மாதிரி நீர் சார்ந்த வகை. இதில் போவது எண்ணெய் இல்லை, தண்ணீர். கவரைத் திறந்து போட்டால் கருவாடு மாதிரி கல்லாகும். அதற்கு எண்ணெய் தடவுவது தாகம் எடுத்தவனுக்கு நெய் ஊட்டுவது போல! ஆக, எந்த வகை என்றே கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் சொல்கிறவர்கள், நோயைக் கேட்காமல் மருந்து கொடுக்கிற லேகிய வியாபாரிகள்.

"சரிப்பா, மெதுவாகாட்டி போகட்டும், வாசனைக்கு மீன் வருமே?" இதுதான் அடுத்த அம்பு.

மீனுக்கு வாசனை என்பது தண்ணீரில் கரைந்து வந்தால்தான் வாசனை. இறாலிலும் கணவாயிலும் இருக்கிற கிளைசின், பீட்டைன் போன்றவை தண்ணீரில் கரைபவை, மீனை இழுப்பவை. எண்ணெய் கரையாது. நாம் சாஃப்ட் லூர் வீசுவது முக்கியமாகக் கொடுவாவுக்கும் விராலுக்கும். கொடுவா கண்ணாலும், தண்ணீர் அதிர்வைப் பக்கக் கோட்டால் உணர்ந்தும் பாய்கிற ஜாதி. உடம்பெல்லாம் ருசி பார்க்கிற கெளுத்திக்கு வாசனை மெய்யாகவே வேலை செய்யும், ஆனால் கெளுத்திக்கு யார் ரப்பர் புழு வீசுகிறார்கள்? மண்புழு போதுமே! நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கடித்த மீன் ருசி பிடித்தால் இன்னும் ஒரு நொடி வாயில் வைத்திருக்கலாம். அந்த ஒரு நொடிக்காக வாங்குகிற இறக்குமதி பாட்டில் காசுக்கு நிஜ இறாலே வாங்கிவிடலாம். கிள்ளை பக்கத்து இருளர்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் தடவித்தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களிடம் போய் சோம்பு வாசனை பற்றி வகுப்பு எடுங்களேன் பார்க்கலாம்.

இதுவரைக்கும் காசு போன கதை. என் கோபம் அதில்லை.

உயிர்ப்பிக்கப் பார்த்து, உயிர் வராத புழு எங்கே போகிறது? கரையில். தண்ணீரில். நானும் அந்த ரெண்டு கவரை அன்றைக்கு ஆற்றில் வீசிவிட்டுத்தான் வந்தேன். சில மாதம் கழித்து ஒரு கொடுவாவை வீட்டில் அறுத்தபோது குடலில் கரும்பச்சையாய் ஒரு துண்டு. ரப்பர் புழு. செரிக்காமல், உப்பிப்போய். நான் வீசியதா, வேறு யாருடையதா, தெரியாது. அன்றைக்குக் குழம்பு வைக்க மனசு வரவில்லை.

கொடுவா ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாகிற மீன். பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் தாய். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற பிச்சாவரம் 2022-ல் ராம்சர் சதுப்புநிலம் ஆனது. அந்தத் தாய்களின் குட்டிகள் வளர்கிற தொட்டில் இந்த மாதிரி காயல்கள்தான். பி.வி.சி.யை மெதுவாக்கும் தாலேட் சிலவற்றைக் குழந்தைகள் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-லேயே சட்டம் போட்டது. எல்லா லூரிலும் தாலேட் இல்லை, ஆனால் கவரில் எழுதாதவரை எனக்கு எப்படித் தெரியும்? குழந்தை வாயில் வைக்கக் கூடாததை மீன் வாயில் வைத்து, மீனை நம் வாயில் வைக்கிறோம்.

என் கட்சி இதுதான். வாங்குவதைக் குறைச்சு வாங்குங்க. வந்த கவரிலேயே, வகை கலக்காம, நிழல்ல வைங்க. வளைஞ்சு போனதை வெந்நீர்ல போட்டா நிமிரும், அதோட நிறுத்திக்குங்க. அடுப்பில் உருக்கி மறுபடி வார்க்கிறேன்னு கிளம்பாதீங்க, சூடு மிஞ்சினா பி.வி.சி.யில இருந்து அமிலப் புகை வரும், நுரையீரல் போயிடும். விறைச்சுப் போனதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு வாங்க.

எதிர்க்கட்சிக்காரங்க பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். ஒரே நிபந்தனை: வரும்போது உங்க தூண்டில் பெட்டியை ஒருமுறை திறந்து எண்ணிட்டு வாங்க. போன வருஷம் வாங்கினது எத்தனை, இப்ப கையில இருக்கிறது எத்தனை? மீதி எங்கே?