விசாரிப்பும் ஒரு சகாயமே

நிவாரணம் என்றவுடன் நம்மவர்க்கு அரிசியும் ரொக்கமுமே நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே, பசித்தவரிடம் ஆறுதல் மொழி மட்டும் கூறுவது பரிகாசமாகும். எனினும், நஷ்டம் நேர்ந்த வீட்டில் பொருளோடு மனமும் நொறுங்குகிறது என்பதை நமது சங்கங்கள் போதிய அளவு கருதுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரணியத்தின் அருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நெல் அழிந்தால் அடுத்த போகத்தை எதிர்நோக்கலாம். நெட்டைத் தென்னையோ நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே காய்க்கத் தொடங்கும். தறிக்குழியில் மழைநீர் ஊறி வேலை நின்ற நெசவாளர் இக்காத்திருப்பின் கொடுமையை ஒருவாறு அறிவார். முதல் வாரத்தில் திரண்டு வரும் கூட்டம் மறுமாதம் வருவதில்லை. கடன்பட்டவரோ பிறர் முகத்தில் விழிக்கக் கூசிச் சங்கத்துப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுகிறார். அத்தனிமையே மனத்தை முறிக்கிறது.

அன்பு வெறும் உபசாரம் என்போர், அமெரிக்காவின் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் நடத்திய ஆராய்ச்சியை அறிதல் நன்று. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்து திரும்பி, சிகிச்சையைத் தொடராத 843 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டுக் காலம் அவ்வப்போது சிறு கடிதங்கள் அனுப்பப்பட்டன. அவை நலம் விசாரித்தன, எதையும் கோரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் அப்பிரிவினரிடையே தற்கொலை குறைவாயிருந்தது என 2001-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. கடிதத்தின் சொல்நயத்தினும், அது விடாமல் வந்ததே முக்கியம் என்பது எமது அபிப்பிராயம்.

தவணை தவறினால் நோட்டீஸ் அனுப்ப மறவாத நாம், ஓர் அங்கத்தினர் இரண்டு மாதம் நூல் வாங்க வராவிடில் காரணம் கேட்கிறோமா? நிர்வாகக் குழுவினர் ஒருவர் சென்று, கடன் பேச்சை எடுக்காமல், திண்ணையில் அரை மணி நேரம் அமர்ந்து வரட்டும். வசூல் குமாஸ்தாவை இதற்கு அனுப்பலாகாது. அவர் எத்துணை நல்லவராயினும் அவர் தலையைக் கண்டாலே கதவு சாத்தப்படும்! உபதேசமும் வேண்டா, அது பெரும்பாலும் சொல்பவரின் மனத்தையே ஆற்றுகிறது. பாவு பிணைக்க உடன் உட்காரலாம். கன்று நடக் குழியெடுக்கக் கைகொடுக்கலாம்.

உண்ணாமல் உறங்காமல் சாவைப் பற்றிப் பேசுபவருக்கு இவை போதா. அவரைத் தனியே விடாது அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

தெருவுக்கு இருவரை இவ்விசாரிப்புக்கென நியமிக்கும் தீர்மானத்தை அங்கத்தினர்கள் வரும் மகாசபையில் கொண்டுவர வேண்டுகிறோம். சங்கத்தின் நிதியிலிருந்து இதற்கு ஒரு காசும் செலவாகாது.