கதிரையில் பெண், பெர்மிட்டில் ஆண்

(கட்டுரையாளர் வன்னிப் பிரதேச செயலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அலுவலர்)

2011ஆம் ஆண்டில் வட மாகாணத்தின் 5 மாவட்டங்களில் 3இல் அரசாங்க அதிபர்களாக இருந்தவர்கள் பெண்கள். யாழ்ப்பாணத்தில் இமெல்டா சுகுமார், கிளிநொச்சியில் ரூபவதி கேதீஸ்வரன், வவுனியாவில் பி.எஸ்.எம். சார்ள்ஸ். மூவரும் தமிழர். நிர்வாக சேவையில் படிப்படியாக ஏறி அந்தக் கதிரைக்கு வந்தவர்கள். இமெல்டா சுகுமார் அதற்கு முன்னர் முல்லைத்தீவு அரசாங்க அதிபராக 2009 ஜனவரி வரை போருக்குள்ளேயே நின்றவர். அரச சேவையில் பன்மைத்துவம், உள்வாங்கல் என்று இன்று பயிற்சிப் பட்டறை வைத்துப் பேசுகிறோமே, அதை எந்தப் பட்டறையும் இல்லாமல் எங்கள் கச்சேரிகள் அன்றைக்கே கண்டிருந்தன.

இவர்களில் சார்ள்ஸின் பணிக்காலம் தனியே ஆராயத் தக்கது. போரின் முடிவில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தபோது வவுனியாக் கச்சேரி அவர் பொறுப்பில் இருந்தது. வாயிலில் யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதை இராணுவம் தீர்மானித்தது. நிவாரணம், பதிவு, பாடசாலை, மீள்குடியேற்றம் என்று கோப்புகள் மட்டும் கச்சேரிக்கு வந்து குவிந்தன. அதிகாரம் ஓரிடத்தில், பொறுப்பு இன்னோரிடத்தில் என்ற நிலையில் ஒரு நிர்வாகி எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

பின்னர் மட்டக்களப்பு அரசாங்க அதிபர், 2017இல் சுங்கத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம். 2019 ஜனவரியில் அமைச்சரவை அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றத் தீர்மானித்ததும் சுங்கத் தொழிற்சங்கங்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கின. அவர் மீண்டும் அதே பதவிக்கு வந்தார். பெரும்பான்மையாகச் சிங்கள ஊழியர்களைக் கொண்ட ஒரு திணைக்களம் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரிக்காக வேலையை மந்தமாக்கியது. நல்லிணக்கம் பற்றி நான் படித்த எந்த அறிக்கையையும் விட இந்தச் சம்பவத்துக்கு அதிக பெறுமதி கொடுப்பேன். அந்த ஊழியர்கள் தங்கள் தலைவரின் வேலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2019 டிசம்பரில் அவர் வட மாகாணத்தின் முதல் பெண் ஆளுநரானார். 2021 ஒக்டோபரில் பதவி போனது, 2023 மே மாதம் திரும்பக் கிடைத்தது, 2024 செப்டெம்பரில் முடிந்தது.

இந்த வரலாற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். மேலே கதிரை மாறிய வேகத்தில் கீழே கவுண்டர் மாறவில்லை.

வவுனியா வடக்குப் பிரிவில், புளியங்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1997இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை, பிறகு 2008இல் இறுதிப் போர் என்று இருமுறை மண்ணோடு மண்ணான ஊர். இங்குள்ள வயலும் மேட்டுக்காணியும் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள். அந்தச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கில் மகன் முன்னால், மகள் பின்னால் என்றே 2022 வரை இருந்தது. பின்னுரித்தாளர் நியமனம் இல்லாமல் கணவன் இறந்தால் மனைவி சீவிய காலம் இருந்து அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும்.

காணிப் பகுதி மேசையில் நான் கேட்டுக்கேட்டு மனம் கசந்த உரையாடல் ஒன்று உண்டு. ஒரு தாய் பொலித்தீன் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்து வைப்பார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சேலைக்குள் செருகிக் காப்பாற்றிய கடதாசி. மடிப்புகளில் எழுத்தே அழிந்திருக்கும். “மூத்த மகன் இருக்கிறாரோ அம்மா? அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்பார் உத்தியோகத்தர். “அவன் இல்லைத் தம்பி.” “அப்ப மரணச் சான்றிதழ்?” அந்தத் தாய் வாய் திறக்கமாட்டார். உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிற பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னால் எந்தத் தாய் எடுப்பாள்? 2010இல் வந்த தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற்போனவரின் மரணத்தைப் பதியத்தான் வழி தந்தது. காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இன் திருத்தம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அரசாங்க அதிபராக ஒரு பெண் இருந்த காலத்திலும் இந்தக் கேள்விகள் இப்படியேதான் கேட்கப்பட்டன. கேட்ட உத்தியோகத்தர் கொடியவர் அல்லர். சட்டம் அவர் வாயில் வைத்த கேள்வி அது.

வாரிசு ஒழுங்கில் இருந்த இந்த ஆண்-பெண் பாகுபாட்டை 2022இன் திருத்தம் நீக்கியது. 87 வருடம் எடுத்திருக்கிறது. ஆனால் வர்த்தமானியில் மாறினால் கிராமத்தில் மாறியதாகிவிடாது. எத்தனை கிராம அலுவலர்கள் இதைத் தங்கள் பிரிவுப் பெண்களைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்? மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வந்து வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் பலருக்குப் பெர்மிட்டே இல்லை. அவர்களுக்கு இந்தத் திருத்தத்தால் என்ன பயன்? காணியில் மட்டுமல்ல, வேலையிலும் இதே கதைதான். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. போரில் காலை இழந்த இளைஞர்கள் நிறைந்த இந்த மண்ணில் அது எவ்வளவு நிறைவேறியது என்று ஒவ்வொரு மாவட்டச் செயலகமும் ஆண்டுதோறும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் உள்வாங்கலுக்கென்று தனியாக ஒரு பணிப்பாளரை நியமிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயர்ப்பலகையும் வாகனமும் கிடைக்கும். காணிக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம் கிடைக்காது. அந்த அதிகாரம் பிரதேச செயலாளரிடம் இருக்கிறது. அவருடைய செயற்றிறன் மதிப்பீட்டில், அந்த வருடம் எத்தனை பெண்களின் பெயருக்குக் காணி உரித்து மாறியது என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள். நடமாடும் சேவைகள் தாமாகவே புளியங்குளம் சந்திக்கு வரும்.

அதுவரை இதை வாசிக்கும் வன்னிச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் காணியின் பெர்மிட்டுக்குப் பின்னுரித்தாளர் நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று இந்த மாதமே பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பதியாத நியமனம் சட்டப்படி செல்லாது.