பெரிய கோப்பும் சிறிய கணினியும்

பெரியதொரு கோப்பைத் திறக்க முற்பட்டு, கணினித் திரை அசையாது நின்றுவிட்டால், ‘புதிய கணினி வாங்கினால்தான் ஆயிற்று’ என்று பிள்ளைகள் கூறுவதைப் பல இல்லங்களில் கேட்கலாம். பணத்தை எடுக்குமுன் சற்றே பொறுங்கள்.

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் யாவும் ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பாகத் தொகுக்கப்பட்டு, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளுமாறு வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே அமைந்திருக்கும். நமது சிதறால் மலையைப் பற்றிய கட்டுரையும் அதனுள் எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றது. அந்த ஒரு பக்கத்திற்காகக் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவதால்தான் கணினி திணறுகின்றது. (ஆங்கில விக்கிப்பீடியாவின் கோப்போ சுருக்கிய நிலையிலேயே 19 கிகாபைட்டை மீறும். எந்த வீட்டுக் கணினி அதனைத் தாங்கும்?)

எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் தரமாக அறிவிக்கப்பட்டது. அதனைப் படிப்பதற்கான இரு வழிகளும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டன. ‘டாம்’ என்னும் வழி, கோப்பு முழுவதையும் கிளைகள் விரிந்த மரமாக நினைவகத்தில் எழுப்பிய பின்னரே வேலையைத் தொடங்கும். அம்மரம் கோப்பைவிடப் பன்மடங்கு இடங்கொள்ளும். டேவிட் மெக்கின்சன் முன்னின்று உருவாக்கிய ‘சாக்ஸ்’ அவ்வாறன்று. மாணவர் கிதாபை ஓதிச் செல்வதுபோல் அது தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு குறியாகக் கடந்து செல்லும்; குறி வந்ததும் அறிவிக்கும்; கடந்ததைச் சுமக்காது. ஆதலின் திரும்பிப் பார்க்கவும் இயலாது. வேண்டியதை நிரல் எழுதுபவரே குறித்துவைக்க வேண்டும்.

பைத்தான் மொழி பயிலும் பிள்ளைகள் ‘இட்டர்பார்ஸ்’ என்னும் வசதியைக் கையாள்வர். அது சாக்ஸைப் போலத் தோன்றினும், மெல்ல மெல்ல மரத்தைக் கட்டிக்கொண்டே செல்லும். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் ‘கிளியர்’ கட்டளையால் அகற்றாவிடில் பழைய துன்பமே நேரும்!

என்னைப் பெரிதும் கவர்ந்தது விக்கிமீடியாவின் மற்றோர் ஏற்பாடு. நூறு நூறு பக்கங்களாகத் தனித்தனியே சுருக்கி அடுக்கிய கோப்பு ஒன்றும், எத்தலைப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்கும் அடுக்கில் உள்ளது எனக் கூறும் அட்டவணை ஒன்றும் உடன் கிடைக்கின்றன. அட்டவணையில் சிதறாலைத் தேடி, நேரே அவ்விடம் சென்று, அந்த நூறு பக்கங்களை மட்டும் விரித்தால் போதும். பழைய கணினியும் நொடியில் செய்துவிடும்.

திரையில் காட்டுவதும் இவ்வாறே. லட்சம் தலைப்புகளை ஒருசேரக் கொட்டினால் உலாவி திணறும். கண்ணிற்படும் சில வரிகளை மட்டும் வரைந்து, உருட்டும்போது அடுத்தவற்றை வைக்க வேண்டும்.

படிப்பது மட்டுமே நோக்கமெனில் நிரல் எழுதவே வேண்டா. ‘கிவிக்ஸ்’ என்னும் இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பின்னர் இணையமின்றியே கைப்பேசியிலும் படிக்கலாம்.