குரல் கம்மினால் அலட்சியம் வேண்டாம்!

தொண்டை கட்டினால் மிளகுப் பால், சுக்குக் கஷாயம், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது ஆகியவை தமிழர் வீடுகளில் வழிவழியாக வந்த வைத்தியம். சாதாரண ஜலதோஷக் கம்மல் சில நாட்களில் போய்விடும். ஆனால் மூன்று வாரமாகியும் குரல் திரும்பாவிட்டால், கஷாயத்தை நம்பிக் காலம் கடத்துவது பெரும் தவறு. அது குரல்வளைக் காசநோயாகவும் இருக்கலாம்.

காசநோய் நுரையீரலை மட்டுமே பற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரலிலிருந்து இருமித் தள்ளும் சளி, குரல்வளையைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். அதிலுள்ள கிருமிகள் அங்கே தங்கிப் புண் உண்டாக்கும். முதலில் குரல் கம்மும். பிறகு விழுங்கினால் வலிக்கும்.

பிராக் நகரில் பிறந்த பிரசித்தி பெற்ற எழுத்தாளர் பிரான்ஸ் காப்கா, 1924-ல் இந்த நோயால்தான் இறந்தார். வயது 40. கடைசி நாட்களில் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பேசக் கூடாதென்று டாக்டர்கள் தடுத்ததால், சொல்ல விரும்பியதைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். அன்று இந்தக் கிருமியைக் கொல்ல மருந்தே கிடையாது.

இன்று அந்த நிலை இல்லை. ஆனால் நோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! ஸ்பெயின் நாட்டுச் சங்கீத ஆசிரியர் மனுவேல் கார்சியா, 1854-ல் சிறு கண்ணாடியின் உதவியால் தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். இப்போது டாக்டர்கள் மெல்லிய குழாய்க் கருவியால் பார்க்கிறார்கள். எனினும், பார்வைக்கு இந்தப் புண் புற்றுநோய் போலவே தோன்றும். ஆகவே கண்ணால் கண்டது போதாது. சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, புண்ணிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கின் பரிசோதனை ஆகியவை அவசியம். புற்றுநோயென்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்கள், குணமாகக் கூடிய நோய்க்கு உயிரைப் பலி கொடுக்கிறார்கள்.

சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். இந்தியாவில் அரசாங்கமே இவற்றை இலவசமாகக் கொடுக்கிறது. சில வாரங்களிலேயே வலி குறைந்து குரல் தெளியத் தொடங்கும். ஆபத்து அங்கேதான்! "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம்; மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். மிகவும் தாமதித்து வந்தவர்களுக்கோ, நோய் தீர்ந்தாலும் தழும்பினால் குரல் கரகரத்தே நின்றுவிடக் கூடும்.

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், ஊரார் ஒதுக்குவார்கள் என்று நோயை மறைப்பவர்கள் இன்னும் உண்டு. குரல்வளைக் காசநோய் எளிதில் தொற்றும். மறைப்பவர் இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலந்து, முதலில் தம் வீட்டுக் குழந்தைகளையே தாக்கும். ஊரைவிட்டுப் போய்ச் சிகிச்சை பெற வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்பதை, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சிதான் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது.

சென்னை கற்பித்த பாடத்தைத் தமிழ்நாட்டு வீடுகள் மறக்கலாமா? வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மூன்று வாரக் கம்மலா? உடனே டாக்டரிடம் தொண்டையைக் காட்டுங்கள்!