வலைக்குப் பாடு உண்டு, வலைதளத்துக்கு?

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. பழவேற்காடு ஏரியின் ‘பாடு’ முறை குறித்துப் பேசுவதற்காக அங்குள்ள மீனவக் குப்பம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வலை பின்னும் கொட்டகையின் நிழலில் நான்கு இளைஞர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். துபாய் 24 மணிநேர கார் பந்தயத்தின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. நடிகர் அஜித்குமாரின் அணி அதில் பங்கேற்றிருந்ததும், தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

படம் ஓடிய திரையின் ஓரத்தில் பார்வையாளர்களின் பதிவுகள் விரைந்து ஏறிக்கொண்டிருந்தன. வாழ்த்துகளுக்கு இடையே இன்னொரு நடிகரைப் பற்றிய வசைகள். அவற்றுக்குப் பதிலாக அந்த நடிகரின் ரசிகர்கள் எழுதிய, அச்சில் ஏற்ற முடியாத சொற்கள். போர்ஷே காருக்கும் அந்த நடிகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். “அவங்கதான் சார் முதல்ல ஆரம்பிச்சாங்க” என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. அவரும் இரண்டு வரி எழுதியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மோட்டார் பந்தயம் அந்தப் பகுதிக்குப் புதியதன்று. பழவேற்காட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தளம் அமையும் வரையில் தென்னிந்தியப் பந்தய ரசிகர்களுக்குச் சோழவரமே திருவிழாக் களம். கல்லூரி மாணவனாக நானும் அந்தப் புழுதியில் நின்றிருக்கிறேன். அன்றைய ரசிகர்கள் பண்பின் உருவங்கள் என்று சொன்னால் அது பொய். கோவைக்காரர்களைச் சென்னைக்காரர்களும், சென்னைக்காரர்களைப் பெங்களூர்க்காரர்களும் வாய்க்கு வந்தபடி ஏசினர். ஆனால் அந்த ஏச்சு பத்துப் பேர் காதில் விழுந்து, இயந்திர இரைச்சலில் கரைந்து போனது. மறுநாள் காலையில் அதைத் தேடி எடுத்துப் படிக்க எவராலும் முடியாது. ஏசியவரின் முகம் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும் என்பதும் ஒரு கடிவாளமாக இருந்தது.

இந்தக் கடிவாளம் அறுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டுகள் ஏராளம். 2021 டிசம்பரில் அபுதாபி பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லட்டீஃபி தடுப்பில் மோதினார். அதனால் பாதுகாப்பு கார் களமிறங்க, உலகப் பட்டம் ஹாமில்டன் கையிலிருந்து நழுவி வெர்ஸ்டாப்பனிடம் சென்றது. விபத்தில் சிக்கிய லட்டீஃபிக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. லண்டனில் தனிப் பாதுகாவலர்களை அமர்த்திக்கொள்ள நேர்ந்ததாக அவர் பின்னர் தெரிவித்தார்.

2025 நவம்பர் இறுதியில் கத்தாரில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். பந்தய முடிவில் 19 வயது கிமி ஆன்டொனெல்லியின் கார் கட்டுப்பாட்டை இழந்து ஒரு கணம் விலகியது. பின்னால் வந்த நாரிஸ் முந்திச் சென்றார். அவர் வேண்டுமென்றே வழிவிட்டதுபோல ரெட் புல் அணியைச் சேர்ந்தவர்கள் பேசினர். அடுத்த சில மணி நேரத்தில் அந்த இளைஞரின் பக்கங்களில் கொடிய பதிவுகள் குவிந்தன. 1,100-க்கும் மேற்பட்டவற்றை மெர்சிடீஸ் அணி கணக்கிட்டது. மறுநாள் ரெட் புல் தன் தரப்புக் கூற்று தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பழிச்சொல் பரவிய வேகம் திருத்தத்துக்கு இருக்கவில்லை.

மேலிருந்து விழும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆற்றல் உண்டென்பதை நாம் முன்பே அனுபவித்திருக்கிறோம். 2012 மார்ச் மாதம் மலேசியப் பந்தயத்தில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த நம் நரேன் கார்த்திகேயனின் காரோடு உரசி வெட்டெலின் சக்கரம் பழுதானது. உலகச் சாம்பியனான வெட்டெல் ஊடகங்களின் முன் நரேனை ‘முட்டாள்’ என்ற பொருள்படப் பேசினார்; நரேனும் சுடச்சுடப் பதில் கொடுத்தார். ஓட்டுநர்களே இப்படியென்றால் ரசிகர்களிடம் என்ன எதிர்பார்ப்பது என்று அப்போது பலர் கேட்டனர்.

அப்படியானால், மேலிருந்து நல்ல சொல் விழுந்தால் நிலைமை சீராகுமா? இங்கேதான் தமிழ்நாட்டு அனுபவம் நம்மைத் தயங்க வைக்கிறது. அஜித்குமார் 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல் பட்டப்பெயரிட்டு அழைக்க வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், தன் பெயரோடு கடவுளைச் சேர்த்து முழங்குவது தன்னைச் சங்கடப்படுத்துவதாக அறிக்கை விட்டார். துபாய் பந்தயத்தின்போது, நடிகர்களை வாழ்த்தி முழங்குவோர் தாங்கள் எப்போது வாழப் போகிறார்கள் என்று கேட்டு, அவரவர் குடும்பத்தையும் வாழ்க்கையையும் பார்க்கும்படி வேண்டினார். இதைவிடத் தெளிவாக ஒருவர் பேச முடியாது. ஆனாலும் 2019 ஜூலையில் விஜய் ‘இறந்துவிட்டதாக’ ஒரு குறிச்சொல்லை ட்விட்டரில் முன்னணிக்குக் கொண்டுவந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள்தாம். மறுதரப்பும் சளைத்ததன்று. கிரிக்கெட் வீரர் அஸ்வின் அன்று வெளிப்படையாகவே வருந்தினார்.

பொருளியல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டால் அதன் செலவை ஆற்றோரத்து மக்கள் சுமக்கிறார்கள். வசை எழுதுபவருக்குச் செலவு ஏதுமில்லை. கூட்டாளிகளின் பாராட்டு என்ற வரவு மட்டும் உண்டு. எவ்வளவு சண்டையோ அவ்வளவு பார்வை, எவ்வளவு பார்வையோ அவ்வளவு விளம்பரம் என்பதால் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் நட்டமில்லை. இழப்பெல்லாம் மூன்றாமவருக்கு. நாயகரின் வேண்டுகோள் இந்தக் கணக்கில் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை.

பழவேற்காட்டுக்காரர்கள் இதைப் போன்ற ஒரு சிக்கலைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஏரியும் பொதுச் சொத்து. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் களங்கள் சிலவே. வலை வீச விரும்புவோர் பலர். எனவே இன்ன நாளில் இன்ன ஊர் என்று முறை வைத்து, ஊருக்குள் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிக்கிறார்கள். அதுதான் பாடு. உரிமையுள்ளோர் யார் என்பது ஊருக்குத் தெரியும். மீறினால் ஊர்க் கூட்டம் தண்டம் விதிக்கும். பொதுவளங்களை மக்களே காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் கூறிய இரு நிபந்தனைகள், அதாவது தெளிவான உறுப்பினர் வரம்பும் குற்றத்துக்கேற்ற படிப்படியான தண்டனையும், இந்த ஏரிக்கரையில் ஏற்கெனவே இருந்தன. அதற்காகப் பாடு முறையை நான் போற்றிப் பாட வரவில்லை. பாடு உரிமை இல்லாத ஊர்களுக்கு அது அநீதியாகவே தெரிகிறது. அதன் பேரில் சச்சரவுகள் வெடித்ததும் உண்டு. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. ஆயினும் அந்தக் களத்தில் பெயரில்லாத வலை கிடையாது.

ரசிகர் உலகில் உறுப்பினர் வரம்பு என்பதே இல்லை. இதை எழுதும்போது, பலருக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் மன்றங்களைக் கலைத்தது உயர்ந்த நோக்கமுடைய செயல். ஆனால் அதன் விளைவு முழுவதும் நல்லதன்று. மன்றத்துக்குத் தலைவர் இருந்தார், பதிவு எண் இருந்தது, தவறு செய்தவரை நீக்கும் வழி இருந்தது. மன்றம் போயிற்று, ரசிகர் போகவில்லை. அவர் முகமில்லாத கணக்குகளுக்குக் குடிபெயர்ந்தார். மன்றங்கள் நீடித்த இடங்களிலும் வசை குறையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமைப்பு மட்டும் போதாது, அது தண்டிக்கவும் வேண்டும் என்பதே என் விடை.

சட்டம் துணைக்கு வருமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் நீக்கியது சரியான முடிவு. மனம் புண்பட்டது என்பதற்காகக் கைது செய்யும் அதிகாரத்தைக் காவல் துறையிடம் திரும்பக் கொடுக்கக் கூடாது. கொலை மிரட்டலுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவை போதும். மீதமுள்ளதைப் பந்தய அணிகளும் தளங்களும்தான் செய்தாக வேண்டும். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு இணைய வசைக்கு எதிராக ஓர் இயக்கத்தை நடத்தி வருகிறது. ஆனால் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படும் தமிழ் வசையை அடையாளம் காண எந்திர வடிகட்டிகள் திணறுகின்றன. அதற்குத் தமிழ் தெரிந்த மனிதர்கள் வேண்டும். தமிழ் ரசிகர்களால் பார்வை பெருகும் ஒவ்வொரு அணியும், நேரலையும் அப்படிச் சிலரைப் பணியமர்த்தலாம். பந்தயக் காரின் ஒரு சக்கரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று. முதல் மீறலுக்கு ஒரு நாள் தடை, அடுத்ததற்கு ஒரு பந்தயம் முழுவதும் தடை என்று அறிவித்துவிட்டுச் செய்யலாம்.

அன்று கொட்டகையில் இந்த யோசனையைச் சொன்னபோது, “தடை போட்டா வேற ஐடில வருவான் சார்” என்றார் அதே இளைஞர். பாடு நாளில் வேறொருவர் பெயரில் வந்து வலை போட முடியுமா என்று கேட்டேன். “அது எப்படி? யார் வீட்டுப் பிள்ளைன்னு ஊருக்கே தெரியுமே” என்று சொல்லிவிட்டு, கைபேசியை நண்பரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். மறுநாள் அவர்கள் ஊரின் முறை. வலையில் இரண்டு இடங்களில் கிழிசல் இருந்தது.