சந்தையின் விதி! தொழிலாளியின் கதி!

டாக்காவை அடுத்த சாவர் நகர். 2013 ஏப்ரல் 23. ராணா பிளாசா எனும் எட்டடுக்கு மாளிகையில் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று, கடைகள் கதவடைத்தன. மறுநாட் காலை, மேல்தளங்களில் ஆடை தைத்துவந்த ஏழைகள், பெரும்பாலும் பெண்கள், வேலைக்கு ஏவப்பட்டனர். மாளிகை சரிந்தது. மாண்டோர் 1,100-க்கும் மேற்பட்டோர்!

வங்கி ஊழியனுக்கு உயிர். தையற்காரிக்கு என்ன, வெறும் கயிறா? கேட்டால், “ஏழை நாட்டின் செல்வமே குறைந்த கூலிதான், தடையற்ற வாணிகத்தின் விதி அது” என்கின்றனர் பொருளியற் பண்டிதர்கள். தலைவிதி என்று கூறி நேற்று வாயடைத்தனர்; சந்தை விதி என்று கூறி இன்று வாயடைக்கின்றனர். விதி மாறவில்லை, அதை ஓதும் வாய்தான் மாறியிருக்கிறது!

தொழிலாளர் நலம் பேணாத நாட்டுச் சரக்கைத் தடுப்போம் என்று மேனாட்டார் சிலர் முழங்குகின்றனர். உடனே கைதட்ட நாம் ஆயத்தமாக இல்லை. பழங்கணக்கொன்று நம் நினைவிலிருக்கிறது.

பம்பாயில் பஞ்சாலைகள் பெருகி, லங்காஷயர் துணிக்குப் போட்டி முளைத்தபோதுதான், அந்நாட்டு ஆலையரசர்கட்கு இந்தியத் தொழிலாளிமீது இரக்கம் சுரந்தது. தொழிற்சாலைச் சட்டம் தேவை என வற்புறுத்தினர். 1881-இல் வந்தது சட்டம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேலை கூடாது; அதற்கு மேல் பன்னிரண்டு வயதுவரை, நாளுக்கு ஒன்பது மணி நேரம்! பெரியவர்கட்கு வரம்பே இல்லை. இந்த அளவையும் எதிர்த்தனர் பம்பாய் முதலாளிகள், நாட்டுத் தொழில் நசியுமென்று! அங்கே கருணை முகமூடி. இங்கே தேசபக்தி முகமூடி. இடையில் நின்றவனை யார் கேட்டார்?

கேட்கச் செய்தவர், ஜோதிராவ் பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1884-இல் 5,500 தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பம். 1890-இல் பதினாயிரவர் திரண்ட கூட்டம். அதன் பின்னரே கிடைத்தது வார விடுமுறை. லங்காஷயர் ஈந்ததன்று, பம்பாய் முதலாளி வழங்கியதன்று, தொழிலாளி பெற்றது!

உலக வாணிக அமைப்பின் அமைச்சர்கள் 1996-இல் சிங்கப்பூரில் கூடி, தொழிலாளர் தரங்களைக் கவனிக்கத் தக்க இடம் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே எனக் கூறிக் கைகழுவினர். 1919-இல் பிறந்த அந்த அமைப்புக்கு அறிவுரை கூற வாயுண்டு. வாணிகத் தடை விதிக்கக் கையில்லை. மருந்தின் காப்புரிமையை ஒரு நாடு காக்கத் தவறினாலோ, வாணிக அமைப்பிலேயே வழக்குண்டு, பதிலடியுமுண்டு. மருந்துக்கு உள்ள உரிமை மனிதனுக்கு இல்லை!

ராணா பிளாசாவுக்குப் பின், 2013 ஜூனில், அமெரிக்கா வங்கதேசத்துக்குத் தந்த தீர்வைச் சலுகையை நிறுத்திற்று. அந்தோ! ஆடைகளிற் பெரும்பாலானவை அச்சலுகைப் பட்டியலிலேயே இல்லை. குற்றம் ஓரிடம், அடி வேறிடம்!

பயன் தந்தது மற்றொன்று. 2013 மே மாதம், தொழிற்சங்கங்கள் துணி வாங்கும் கம்பெனிகளோடு செய்துகொண்ட உடன்பாடு. இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கையெழுத்திட்டன. வெறும் வாக்குறுதியன்று, சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆலைகள் சோதிக்கப்பட்டன, பழுது நீக்கப் பணத்துக்கு வழிசெய்யும் பொறுப்பு வாங்குவோர்மீதும் விழுந்தது, உயிருக்கு இடரெனில் வேலைசெய்ய மறுக்கும் உரிமை எழுத்தில் ஏறியது. சங்கமற்ற ராணா பிளாசா ஆலைகளில் அவ்வுரிமை ஒரு மாதம் முன்னரே இருந்திருப்பின், அந்தக் காலையில் தையற்காரியும் தன் வீட்டில் இருந்திருப்பாள்!

தோழர்களே! ஆலை வந்ததால் ஏழைப் பெண்ணின் கையில் காசு புழங்கிற்று; நாம் மறுக்கவில்லை. ஆகவேதான் ஆலையை மூடச் சொல்லவில்லை. அதனுள்ளே சங்கத்தைத் திறக்கச் சொல்கிறோம். கடல் கடந்து செல்லட்டும் சரக்கு. அதனினும் முன்னே செல்லட்டும், அதைச் செய்தவளின் உரிமை! சந்தையின் விதியை எழுதியவர்கள் மனிதர்களே. திருத்தி எழுதவும் மனிதர்களால் ஆகும்!